மரத்துக்குப் பின்னால் நிற்கிறவர்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. மற்ற மூன்றும் தங்கச்சியின் பிள்ளைகள். அவள் போன பிறகு என் பாயில் வந்து படுத்தவர்கள், ஆகவே என் பிள்ளைகள்தான். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. என் கையால் எழுதினால் ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போய்விடும். அதனால் இந்தப் பேப்பருக்குக் கிழமைக்கொரு கதையாக நான் சொல்லச் சொல்ல மகளின் மகள் தாரணி எழுதுகிறாள். கை அவளுடையது, வாய் என்னுடையது.

இந்தக் கிழமை எதைச் சொல்லப்போகிறேன் என்று கேட்டு மூத்தவன் சிவபாலன் மிசிசாகாவிலிருந்து போன் எடுத்தான். சொன்னேன்.

"அம்மா, அந்தப் படக் கதையை மட்டும் பேப்பரில போடாதேங்கோ" என்றான்.

அடுத்த மாதம் சொல்லலாம் என்றுதான் வைத்திருந்தேன். அவன் அப்படிச் சொன்னதால் இந்தக் கிழமையே சொல்லுகிறேன்.

நீலக் கோட்

சில வருசத்துக்கு முந்தி ஒருநாள், என் வீட்டுக்காரரின் திவசம். அவர் பெயரை நான் சொல்லுவதில்லை. அடைப்புக்குறிக்குள் எழுதட்டுமா என்று தாரணி கேட்டாள். வேண்டாம்.

பார்க்டேலில், நானும் மகள் மங்களமும் இருந்த அப்பாட்மென்ற். வெளியே பனி. உள்ளே ஹீற்றர் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டு கிடந்தது. பூசணிக்காய்க் கறியும் பொரித்த வாழைக்காயும் மணந்தது. நான் குசினியில் வடைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நின்றேன். சிவபாலன் மனைவி பிள்ளைகளோடு வந்தான். கக்கத்தில் மண்ணிறத் தாள் சுற்றிய பெரிய பலகை போல ஒன்று.

"அம்மா, கண்ணை மூடிக்கொண்டு வாங்கோ, ஒரு சாமான் காட்டுறன்."

"எண்ணெய் கொதிக்குது. கண்ணை மூடச் சொல்லுறாய்."

அடுப்பைத் தணித்துவிட்டு ஹோலுக்கு வந்தேன். சுவரில் அவர் படம் இருந்த ஆணியில் வேறு படம் தொங்கியது. தங்கக் கரை போட்ட சட்டம். சந்தன மாலைகூடப் போட்டாயிற்று. உள்ளே ஒருவர் நீலக் கோட்டும் கழுத்தில் ரையுமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர் இது?"

"அப்பா" என்றான் சிவபாலன்.

"உன்ர அப்பா எப்ப கோட் போட்டவர்?"

"அது ஸ்டூடியோக்காரன் போட்டது அம்மா. எல்லாருக்கும் அதைத்தான் போடுறான்."

அது உண்மைதான். யுத்தத்தில் படமில்லாமல் ஓடிவந்தவர்கள் நாங்கள். சொந்தக்காரரின் முகத்தைக் கொடுத்து, இங்கே கொஞ்சம் நரை, அங்கே கொஞ்சம் மீசை என்று சொன்னால், செத்துப்போனவரைச் செய்து தருகிற ஆட்கள் இந்த ஊரில் இருந்தார்கள். எத்தனையோ வீடுகளில் அப்பாமார் எல்லாரும் ஒரே கோட்டோடு தொங்கினார்கள். நாலைந்து வீடுகளுக்குப் போய்வந்தால் எல்லாரும் ஒரு கந்தோரில் வேலை செய்தவர்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மீசையைத் தடிப்பாக்கி, தலைமயிரைக் குறைத்திருந்தார்கள். இருந்தாலும் எனக்கு ஆளைத் தெரிந்தது.

"உவர் உன்ர சித்தப்பா" என்றேன்.

"சாயல் ஒண்டுதானே அம்மா. ஒரு தாய் வயித்துப் பிள்ளையள்."

"அப்ப உன்ர தங்கச்சியின்ர பாஸ்போட்டில நீ போய் வா பாப்பம். ஒரு தாய் வயித்துப் பிள்ளையள்தானே."

மங்களம் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனாள். சிவபாலன் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டுப்பட்டது.

வெளியே நின்றவர் கொஞ்ச நேரம் நிற்கட்டும். அதற்குமுன் சொல்லவேண்டியவை இருக்கின்றன.

படத்துக்கு நிற்காதவர்

அவர் லொறி ஓடினவர். வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார், வருவார். பேய்க்குப் பயமில்லை, பொலிசுக்குப் பயமில்லை. படம் பிடிக்கிற பெட்டிக்கு மட்டும் பயம். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று யாரோ சின்ன வயதில் சொல்லிவைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்துக் கலியாணவீடுகளில் படக்காரன் மூன்று கால் ஸ்டாண்டை விரித்தால் போதும். "வாறன்" என்று சொல்லிக்கொண்டு எழும்பி விடுவார். பிறகு ஆளைக் காணமுடியாது. லொறிக்குப் பின்னால் நிற்பார். கிணற்றடியில் நிற்பார். ஒருமுறை மாட்டுக்கொட்டிலில் வைக்கோலோடு வைக்கோலாக நின்றார்.

ஒரேயொரு படம் இருந்தது. என் தங்கச்சி வீட்டு முற்றத்தில் எடுத்தது. நான் சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருக்கிறேன். பின்னால் ஒரு பெரிய வேப்பமரம். மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வேட்டி நுனியும் ஒரு குதிக்காலும் தெரியும். அவ்வளவுதான் அவர் படத்தில் விழுந்தது.

"ஒரு குதிக்கால் ஆயுளைத்தான் அவன் எடுத்தவன், பரவாயில்லை" என்று சிரிப்பார்.

ஆயுள் எப்படியும் குறைந்தது. ஒரு மாரியில் காய்ச்சலோடு லொறியிலிருந்து இறங்கினார். பிறகு எழும்பவில்லை. அடையாள அட்டைக்கென்று எல்லோரையும் பிடித்து இருத்திப் படமெடுத்த காலம் வரமுதலே போய்விட்டார். வீட்டை விட்டு ஓடின நாளில் அந்தக் குதிக்கால் படமும் சுவரோடு நின்றுவிட்டது.

பதிலுக்கு ஆள்

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை முடிந்த அன்று பெரியவர்கள் ஹோலில் பாய் போட்டு இருந்து கதைத்தார்கள். நான் உள்கதவுக்குப் பின்னால். ஆம்பிளையில்லாத வீடு சரிவராதாம். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவருடைய தம்பி தம்பிராசாவின் வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம். அங்கே அவர் சொற்படி நடக்கவேண்டுமாம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

தம்பிராசா மச்சான் எழும்பிக் கதவுப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ மச்சாள். அண்ணைக்குப் பதிலா நான் இருக்கிறன்."

அந்த மனிதருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருக்கலாம், வேலை சுலபம். நல்ல மனதோடு ஒருவர் உங்களை ஒரு மூலையில் கொண்டுபோய் வைக்கப் பார்த்தால் என்ன செய்வது?

கதவுக்கு வெளியே வந்தேன். வெள்ளைச் சேலையோடு அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் நின்றேன்.

"எனக்குப் பதிலுக்கு ஆள் வேண்டாம்" என்றேன்.

அதன்பிறகு இடியப்பம் அவித்ததும் தோட்டக் கூலிக்குப் போனதும் முன்னமே இந்தப் பக்கங்களில் சொல்லியிருக்கிறேன். ஏழும் வளர்ந்தன. அது போதும்.

ஆளில்லாத படம்

இனி, ஆணியில் முதலில் தொங்கிய படம்.

பார்க்டேலுக்கு வந்த புதிதில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் எங்களைப் போன்ற வயசாளிகளுக்கு இங்கிலிஷ் வகுப்பு நடந்தது. ஹெலன் என்று ஒரு ரீச்சர். என்னோடு பரமேஸ்வரி என்றொரு சிநேகிதி, கொஞ்சம் இங்கிலிஷ் தெரிந்தவள். போலந்துக் கிழவர் ஒருவர். வியட்நாம் பெண்கள் இருவர். ஒருநாள் ரீச்சர் எங்களை ஸ்ரீற்கார் என்கிற தெரு ரெயிலில் ஏற்றிப் படங்கள் வைக்கிற பெரிய மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா.

ஆளுயரத்தில் ராசாக்கள், குதிரைகள், உடுப்பில்லாத பெண்கள். பரமேஸ்வரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விரலிடுக்கால் பார்த்தாள். கடைசியில் வெளிச்சம் குறைந்த ஒரு சின்ன அறை. அங்கே விரித்த கை அளவில் ஒரு படம். நிறமில்லை. கறுப்புக் கோடுகள்தான்.

முன்னால் பெரிய மரம். கொப்புகளிலிருந்து பாசி தாடியாகத் தொங்கியது. மரத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு பாதை பின்னால் போய் மறைந்தது. கூரை செங்குத்தான ஒரு வீடு, ஒரு ஆறு, தூரத்தில் மலை. ஆள் இல்லை. ஆடு மாடு இல்லை. ஒரு நாய்கூட இல்லை.

ரீச்சர் சொன்னதைப் பரமேஸ்வரி எனக்குச் சொன்னாள். கிட்டத்தட்ட ஐந்நூறு வருசத்துக்கு முந்தி ஒரு ஜெர்மன்காரன் செய்ததாம். இரும்புத் தகட்டில் மெழுகு மாதிரி ஒன்றைப் பூசி, ஊசியால் கீறி, திராவகம் விடுவார்களாம். கீறின இடத்தைத் திராவகம் தின்னுமாம். தின்ற பள்ளத்தில் மை நிற்குமாம். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படமாம்.

"அப்ப, தின்னுப்பட்டுப் போன இடந்தானே படம்?" என்று கேட்டேன்.

"உனக்கு எல்லாத்திலயும் ஒரு வில்லங்கம்" என்றாள் பரமேஸ்வரி.

அந்தக் காலத்தில் அங்கே சாமியையோ ராசாவையோ கீறுவார்களாம், காடும் மலையும் அவர்களுக்குப் பின்னால் ஒப்புக்கு நிற்குமாம். இந்த மனிதன் ஆட்களை எல்லாம் வெளியே விட்டுவிட்டு மரத்தையே கீறியிருக்கிறான். அவனுக்கும் யாராவது வேண்டாமென்று சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லைப் போலும்.

ஒவ்வொருவரும் படத்தைப் பற்றி இங்கிலிஷில் ஒரு வசனம் சொல்லவேண்டும். போலந்துக் கிழவர் முதலில் சொன்னார்: "நோ பீப்பிள். குட்."

என் முறை வந்தபோது நான் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து நின்றேன். காவல்காரன் வந்து தள்ளி நிற்கச் சொன்னான். நான் மரத்தின் அடியில் குதிக்காலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"மை ஹஸ்பண்ட்" என்றேன். "பிஹைண்ட் த ட்ரீ."

வியட்நாம் பெண்கள் சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. வீடு திரும்பும்போது ஸ்ரீற்காரில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தா. பரமேஸ்வரி மூலம் முழுக்கதையையும் கேட்டா. இரண்டொரு கிழமையில் அந்தப் படத்தின் அச்சுப்பிரதி ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்து தந்தா.

பழைய சாமான் கடையில் எடுத்த சட்டத்தில் போட்டு, சுவரில் மாட்டினேன். செத்தவரின் படத்தில் நெற்றியில் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். இதில் நெற்றி இல்லை. ஆகவே மரத்தின் அடியில், குதிக்கால் இருக்கவேண்டிய இடத்தில், கண்ணாடியின்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் பூ. திவசத்துக்குப் படையல்.

வருகிறவர்கள் பொட்டைப் பார்த்துவிட்டுக் குழம்புவார்கள். "உது உங்கட காணியோ அன்ரி? ஆமி பிடிச்சிட்டுதோ?" என்று ஒருவர் கவலைப்பட்டார். மலையைப் பார்த்துவிட்டு நுவரெலியாவோ என்று கேட்டவர்களும் உண்டு. நான் எல்லாருக்கும் ஒரே மறுமொழிதான் சொன்னேன். "என்ர வீட்டுக்காரர்."

சிவபாலனுக்கு வெட்கம். விமான நிலையத்தில் அவனோடு வேலைசெய்கிறவர்கள் வீட்டுக்கு வந்தால், "அம்மாவுக்கு வயசு" என்பான்.

கதவு திறந்தது

கதவுக்கு வெளியே நின்றவர் தம்பிராசா மச்சான்தான். அவரும் பிள்ளைகளிடம் வந்து ஸ்காபரோவில் இருந்தார். அண்ணையின் திவசத்துக்கு வராமல் விடமாட்டார். பனித்தொப்பியைக் கழற்றினார், சப்பாத்தைக் கழற்றினார், நிமிர்ந்தார். சுவரில் தன்னைப் பார்த்தார். மாலையோடு.

ஹீற்றர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"உது நானெல்லோ" என்றார்.

"சித்தப்பா, அது வந்து... உங்கட பழைய படத்தை வச்சுத்தான் அப்பாவை..." என்று இழுத்தான் சிவபாலன்.

"எனக்கே திவசம் எண்டு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டன். பஸ் மாறி மாறி வந்தனான்."

மங்களம் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்தாள். அவர் இருக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தையே பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு சந்தோசம் வந்தது. கோட் அவருக்குப் பிடித்துவிட்டது.

"பரவாயில்லை மச்சாள்" என்றார். "இருக்கட்டும். அண்ணைக்குப் பதிலா நான் இருக்கிறன்."

அதே சொல். எத்தனையோ வருசம், ஒரு கடல், ஒரு யுத்தம் கடந்தும் அதே சொல். முன்னர் அவரை என் தலைக்குமேல் இருத்தப் பார்த்தார்கள். இப்போது என் சுவரில்.

நான் குசினிக்குள் போய் முக்காலியை எடுத்துவந்தேன். மங்களம் "அம்மா, விழுந்திடுவியள்" என்றாள். ஏறினேன். படத்தைத் தூக்கிக் கழற்றினேன். நல்ல பாரம். இறங்கி, மாலையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, படத்தை மச்சானின் கையில் கொடுத்தேன்.

"உங்களுக்கு வடிவாயிருக்கு மச்சான். கொண்டுபோய் உங்கட வீட்டில மாட்டுங்கோ. இஞ்ச பதிலுக்கு ஆள் வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். பழசு அவருக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

"மச்சாள் மாறயில்லை" என்றார் சிவபாலனிடம். "உன்ர அம்மாவோட மல்லுக்கு நிக்காதை. நான் அப்பவே நிண்டு பாத்தனான்."

என் படத்தைத் தேடினேன். வாசலில், சப்பாத்துத் தட்டோடு சாத்தி வைத்திருந்தார்கள். ஈரச் சப்பாத்திலிருந்து உருகின தண்ணீர் சட்டத்தின் ஒரு மூலையை நனைத்திருந்தது. முந்தானையால் துடைத்தேன்.

சிவபாலன் அப்போதுதான் குரலை உயர்த்தினான். "உது ஆரோ வெள்ளைக்காரன்ர காடு அம்மா. அதில ஒருத்தருமில்லை. என்ர பிள்ளையளுக்கு நான் எதைக் காட்டுறது? எனக்கே அப்பாவின்ர முகம் ஞாபகமில்லை."

கடைசி வசனம் சொல்லும்போது அவன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. நாற்பது தாண்டிய மனிதன். அவனுக்கு வேண்டியிருந்தது கோட் இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. முகம் இல்லையென்று ஏங்குகிற பிள்ளைக்கு வேறொருவரின் முகத்தைக் கொடுத்தால், பிறகு அவன் தேடுவதையும் விட்டுவிடுவான்.

"உனக்கு ஞாபகமில்லை. எனக்கு இருக்கு" என்றேன். "கேள், சொல்லுறன். நல்ல கறுப்பு. மேல் பல்லில ஒண்டு உடைஞ்சது, லொறி ஜக் தட்டி. இடது காது வெளியால தள்ளிக்கொண்டு நிக்கும், லொறிக் கதவைத் திறந்து விட்ட மாதிரி. அந்தக் காது வேணுமெண்டா உன்ர சின்னவளைப் பார்."

எல்லாரும் அவனுடைய சின்ன மகளைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது அவளுக்கு ஆறு வயதிருக்கும். இடது காதைக் கையால் மூடிக்கொண்டாள். சிவபாலன் அந்தக் கையை எடுத்துவிட்டு, காதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். கனநேரம் நின்றான்.

நான் மறுபடி ஏறி, மரத்தை அதன் ஆணியில் மாட்டினேன். சந்தன மாலையை எடுத்து நீட்டினேன். மூத்தவன் போடவேண்டும், அதுதான் முறை. வாங்கினான். ஆனால் போடாமல் நின்றான்.

சின்னவள் படத்துக்குக் கிட்டே போய், "வெயர் இஸ் கிராண்ட்பா?" என்று கேட்டாள்.

"மரத்துக்குப் பின்னால" என்றேன்.

அவள் யோசித்தாள். "இஸ் ஹீ பீயிங்?" ஒன்றுக்குப் போகிறாரோ என்றுதான் கேட்டாள்.

முதலில் சிரித்தது தம்பிராசா மச்சான். கதிரையில் போய் இருந்து, தன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "அண்ணை அதுக்கும் ஆள்தான்" என்றார். சிவபாலனும் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே மாலையைப் போட்டான். மாலை பெரிது, படம் சிறிது. மலை முழுக்க மறைந்துபோயிற்று. மரம் தெரிந்தது.

மரத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தோம். காகத்துக்கென்று பல்கனியில் வைத்த சோற்றை வாவிக்கரையிலிருந்து வந்த வெள்ளைப் பறவை ஒன்று தின்றுவிட்டுப் போனது. அவர் இருந்திருந்தால் அதுவும் வரட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

இரண்டு படங்கள்

மச்சான் அந்தப் படத்தைத் தன் வீட்டு ஹோலில் மாலையில்லாமல் மாட்டியிருந்தார். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கோட்டைக் காட்டுவார். போன குளிருக்கு அவரும் போய்விட்டார். செத்தவீட்டுக்குப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் அதே படம், புது மாலை. அவருடைய பிள்ளைகள் படத்துக்கு அலையவேண்டி வரவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் நின்று கும்பிட்டேன். நல்ல மனிதர். அந்தப் படத்தில் அவர் அவராகவே இருந்தார்.

அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு எனக்கும் யோசனை வந்தது. நான் போனால் என் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அகதிப் பேப்பரில் ஒட்டின படம் ஒன்று இருக்கிறது. அதில் நான் களவெடுத்துப் பிடிபட்டவள் போல இருக்கிறேன். ஆகவே தாரணியைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். படக்காரப் பெடியன் தலையைச் சரித்து இருக்கச் சொன்னான். சரிக்கவில்லை. பட்டுச்சேலை போடட்டோ, பின்னால் பூந்தோட்டம் போடட்டோ என்று கேட்டான். ஒன்றும் வேண்டாமென்றேன். நேரே பார்த்தபடி இருந்தேன். இரண்டு காதும், நெற்றிச் சுருக்கமும், எல்லாம் விழுந்திருக்கிறது.

அவர் ஒளிகிறவர். நான் ஒருநாளும் ஒளிந்ததில்லை. பிள்ளைகளே, என் படத்தை அவருடைய மரத்துக்குப் பக்கத்தில் மாட்டவேண்டாம். நேர் எதிர்ச் சுவரில், பெரிதாக மாட்டுங்கள். அவர் எப்போதாவது வெளியே வந்தால் முதலில் என்னைத்தான் பார்க்கவேண்டும்.

தாரணி, பேனையை வை. சிவபாலன் மாமாவுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போடு. இனி முதலிலிருந்து வாசி. கோட் வருகிற இடத்தை விழுங்காதே.